வைரமும் பிறையும்: செட்டிநாட்டு வாசகர்களின் கைக்கடிகாரக் கேள்விகள்

பெண்களுக்கென்று வைரம் பதித்துச் செய்யப்படும் உயர்விலைக் கைக்கடிகாரங்கள் சிலவற்றின் முகப்பில், நிலவு வளர்வதையும் தேய்வதையும் காட்டும் சிறு சாளரம் ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் ‘மூன்ஃபேஸ்’ என்று சொல்லும் அந்த அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவை. வைரத்தைக் கையில் எடுத்து நீரோட்டம் பார்க்கவும், திதியை விரல்விட்டு எண்ணவும் தெரிந்த வீடுகளிலிருந்து எழுந்த கேள்விகள் என்பதால், அவற்றுக்கு இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக ஒதுக்குகிறேன்.

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் இத்தகைய கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். அந்த நிலா தானாகவே நகருமா? “122 ஆண்டுகளுக்குத் திருத்தவே வேண்டாம்” என்று விற்பனைப் பெண் சொன்னதை நம்பலாமா?
*வாசகி, கானாடுகாத்தான்*

பதில்: நம்பலாம். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அமைப்பை விளக்கிவிடுகிறேன். நீங்கள் கண்ட சாளரத்துக்குப் பின்னால் ஒரு வட்டத்தகடு இருக்கிறது. அதன்மேல் எதிரெதிராக இரண்டு முழுநிலவுகள் வரையப்பட்டோ பதிக்கப்பட்டோ இருக்கும். தகட்டின் விளிம்பில் 59 பற்கள் வெட்டப்பட்டிருக்கும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தில் உள்ள ஒரு சிறு நீட்சி, நாளுக்கு ஒரு பல் வீதம் அந்தத் தகட்டைத் தள்ளுகிறது. 59 நாட்களில் தகடு ஒரு முழுச் சுற்றை முடிக்கும். அதில் இரண்டு நிலவுகள் இருப்பதால் ஒரு நிலவுக்கு 29½ நாள் என்று கணக்கு அமைகிறது. சாளரத்தின் கீழ்விளிம்பு இருபுறமும் அரைவட்டமாகப் புடைத்திருப்பதால், இடப்பக்கப் புடைப்புக்குப் பின்னாலிருந்து நிலவு சிறிது சிறிதாக வெளிப்பட்டு வளர்பிறையாகவும், நடுவில் வந்து நிற்கும்போது பௌர்ணமியாகவும், வலப்பக்கப் புடைப்புக்குள் நுழையத் தொடங்கும்போது தேய்பிறையாகவும் நமக்குத் தெரிகிறது.

அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை உள்ள காலம் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3 விநாடி. தகடு காட்டுவதோ 29 நாள் 12 மணி மட்டும். விடுபட்டுப்போகும் அந்த 44 நிமிடங்கள் மாதந்தோறும் சேர்ந்து, இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகும்போது ஒரு முழு நாள் பிழையாகிவிடும். இதைத் தவிர்க்க, 59 பற்களுக்குப் பதிலாக 135 பற்கள் கொண்ட சக்கரத்தை இடைச்சக்கரங்களோடு இணைத்து, பிழை ஒரு நாளாக 122 ஆண்டுகள் ஆகும்படி சில நிறுவனங்கள் செய்கின்றன. ஜெர்மனியின் ஏ. லாங்கே அண்ட் ஸோனே நிறுவனம் பெண்களை மனத்தில் கொண்டு செய்த ‘லிட்டில் லாங்கே 1 மூன் ஃபேஸ்’ கடிகாரத்துக்கு 122.6 ஆண்டு என்றே கணக்குச் சொல்கிறார்கள். உங்களிடம் விற்பனைப் பெண் சொன்னதும் இவ்வகையாகத்தான் இருக்க வேண்டும்.

நிபந்தனை இதுதான்: கடிகாரம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால்தான் அந்த 122 ஆண்டு. சாவி கொடுத்து இயக்கும் பெண்கள் கடிகாரம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். கையசைவிலேயே சாவி ஏறும் தானியங்கியாக இருந்தால் கையில் கட்டியிருக்கும் வரையிலும் அதற்குப் பின் ஏறத்தாழ அவ்வளவு காலமும் ஓடும். கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் வெளியே எடுத்துவிட்டு மறுநாள் பெட்டகத்துக்குள் வைத்துவிடும் பழக்கம் உள்ள வீட்டில், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலவைப் புதிதாகத்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே பற்களின் எண்ணிக்கைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முகப்பின் வேலைப்பாடும் இயக்கத்தின் தரமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது வேறு.

கேள்வி: என் ஆத்தா பௌர்ணமி விரதமும் பிள்ளையார் நோன்பும் தவறாமல் இருப்பவர். அயல்நாட்டிலுள்ள என் தங்கை அவருக்கு இந்தக் கடிகாரத்தை அனுப்பியிருக்கிறார். சென்ற பௌர்ணமிக்குக் கடிகாரம் காட்டிய நிலவும் பஞ்சாங்கத்தில் கண்ட திதியும் ஒத்துப்போகவில்லை. கடிகாரத்தில் பழுதா?
*வாசகர், கோட்டையூர்*

பதில்: பழுது இல்லை. விரதத்துக்குப் பஞ்சாங்கத்தையே பாருங்கள். தங்கை அனுப்பிய கடிகாரத்தை ஆத்தா மகிழ்ச்சியோடு கட்டிக்கொள்ளட்டும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பது நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தியைக் கொண்டிருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிலவு பூமியைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை, நீள்வட்டத்தில் சுற்றுகிறது. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகர்கிறது. ஆகவே ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. 29 நாள் 6½ மணி நேரத்திலிருந்து 29 நாள் 20 மணி நேரம் வரை அது மாறுபடும். கடிகாரத்தின் தகடோ எல்லா மாதத்தையும் சராசரி மாதமாக எண்ணி, ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போகிறது. இதனால் 122 ஆண்டுக் கணக்குள்ள கடிகாரத்திலும்கூட, உண்மையான பௌர்ணமி நேரத்துக்கும் தகட்டின் பௌர்ணமிக்கும் இடையே சில மாதங்களில் அரை நாளுக்கு மேல் வேறுபாடு வரும்.

பஞ்சாங்கம் அப்படியன்று. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. சந்திரன் விரைந்து செல்லும் நாட்களில் ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிந்துவிடும். மெதுவாகச் செல்லும் நாட்களில் 26 மணி நேரத்தையும் தாண்டும். ஒரே நாளில் இரண்டு திதிகள் முடிவதும், ஒரு திதி இரண்டு சூரிய உதயங்களைத் தொட்டு நிற்பதும் இதனால்தான். நிலவின் இந்த வேக மாற்றத்தை நம் முன்னோர் எப்படிக் கணக்கில் கொண்டார்கள் என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையாக உள்ளவை 248 சந்திர வாக்கியங்கள். சொற்களின் எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒரு சிறு தொடருக்குள் அடக்கி வைத்தார்கள். 248 என்ற எண் எங்கிருந்து வந்தது? நிலவு பூமிக்கு மிகத் தொலைவான இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு வர 27.55 நாள் ஆகும். அதை ஒன்பதால் பெருக்கினால் 248 நாள். அதாவது நிலவின் வேகம் கூடுவதும் குறைவதும் ஒன்பது முறை நிகழ்ந்து, கணக்கு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வரும் காலம் அது.

1825-இல் ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணிதர் தாளோ எழுதுகோலோ இல்லாமல், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளைப் பரப்பி, அந்த ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். அவர் சொன்ன நேரங்கள் உண்மை நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட விலகவில்லை. பல்சக்கரத் தகட்டுக்குத் தெரியாத ஒன்று அந்தச் சோழிகளுக்குத் தெரிந்திருந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே சில மணி நேர வேறுபாடு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே; உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதையே ஆத்தா பின்பற்றட்டும்.

பிள்ளையார் நோன்புக்கோ இந்தச் சாளரம் இன்னும் தொலைவு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழை சேர்த்துத் திரி செய்து, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் இழை எடுத்துக்கொள்வது நகரத்தார் வழக்கம். திதி என்பது சூரியனை ஒட்டிய நிலவின் கணக்கு. நட்சத்திரம் என்பது விண்மீன்களை ஒட்டிய நிலவின் கணக்கு. விண்மீன்களிடையே நிலவு ஒரு சுற்று வர 27.32 நாளே ஆகும். கடிகாரத்தின் தகட்டில் அந்தச் சுற்றுக்கு இடமே இல்லை. ஆகவே சஷ்டியை ஓரளவு ஊகிக்கலாம். சதயத்தை அறியவே முடியாது.

கேள்வி: கடிகாரத்தில் பிறை செங்குத்தாக நிற்கிறது. நம் ஊரில் மூன்றாம் பிறை அப்படித் தெரிவதில்லையே?
*மாணவி, காரைக்குடி*

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. கடிகாரங்கள் பிறக்கும் ஜெனீவா 46 பாகையில் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியனும் நிலவும் அடிவானத்தை நோக்கி ஏறக்குறைய நேராக இறங்குவதால், நிலவின் ஒளிபட்ட பக்கம் கீழே இருக்கிறது. மாசி, பங்குனியில் நம் மேற்கு வானில் பிறை தோணிபோல் மிதப்பது இதனால்தான். சுவிட்சர்லாந்தில் அது வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த வானத்தையே அவர்கள் சாளரத்தில் வரைகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரைநிலவுக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட நாட்களில் நிலவின் நிழலோரம் வெளிப்புறமாக வளைந்திருக்கும். சாளரத்தின் புடைப்போ நிலவைக் கடித்ததுபோல் உட்புறமாக வெட்டிக் காட்டும். பிறை நாட்களுக்குப் பொருந்தும் அந்த வளைவு, நிலவு பெருத்த நாட்களுக்குப் பொருந்தாது. பாதி கருமையும் பாதி ஒளியுமாக உள்ள சிறு உருண்டையைச் சுழலவிடும் கடிகாரங்களில் இந்தக் குறை இல்லை. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்ட, 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வெண்கலப் பொறியிலேயே இத்தகைய நிலவுருண்டை இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் பேத்தி வாங்க விரும்பும் கடிகாரத்தில் 60 வைரங்கள் இருக்கின்றனவாம். அந்த விலைக்கு நல்ல ஏழு கல் தோடு செய்துவிடலாம். தங்கமும் 916 இல்லை என்கிறார்கள். இது சரியான முதலீடுதானா?
*ஆச்சி ஒருவர், தேவகோட்டை*

பதில்: வணக்கம், ஆச்சி. முதலீடு என்று கேட்டால், தோடுதான் என்று உடனே சொல்லிவிடுவேன். கணக்கைப் பாருங்கள். கடிகாரத்தின் வட்ட விளிம்பில் பதிக்கும் வைரங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. 1.3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ ஒரு சென்ட், அதாவது காரட்டில் நூறில் ஒரு பங்கு, எடை இருக்கும். அப்படி 60 கற்கள் சேர்ந்தாலும் அரைக் காரட்டுக்குச் சற்று மேல்தான் வரும். தோட்டில் கல் ஒன்றுக்குப் பத்து சென்ட் என்று வைத்தால்கூட, ஒரு ஜோடிக்கு 14 கற்களும் 1.4 காரட்டும் ஆகிவிடும். பெரிய கல்லுக்குக் காரட் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும், ஒரு சென்ட் கற்களை யாரும் தனியாகக் கழற்றி நல்ல விலைக்கு வாங்குவதில்லை என்பதும் நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த ப்ளூ ஜாகர் வைரங்களைத் தேடி வாங்கிச் சேர்த்தவர்கள் உங்கள் வீட்டு முன்னோர்கள். அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தக் கற்களுக்குச் செட்டிநாட்டில் இன்றும் மதிப்புக் குறையவில்லை. கடிகாரத்து வைரத்துக்கு அத்தகைய வாழ்வு கிடையாது.

தங்கத்தைப் பற்றி மட்டும் பேத்தியின் பக்கம் நிற்கிறேன். உயர்விலைக் கடிகாரங்கள் 18 காரட் தங்கத்தில், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கத்தில் செய்யப்படுவது ஏமாற்று அன்று. 22 காரட் தங்கம் மென்மையானது. மயிரிழை அளவுள்ள திருகுமரைகளும், ஒரு சென்ட் வைரத்தைப் பிடித்து நிற்கும் மணிமுனைகளும் அதில் நாளடைவில் தேய்ந்து கல் உதிர்ந்துவிடும். கடிகாரப் பெட்டியின், அதாவது பொறியை மூடும் தங்கக் கூட்டின், பின்பக்கம் 750 என்ற எண்ணும், 1995-க்குப் பின் சுவிட்சர்லாந்தில் முத்திரையிடப்பட்டதாக இருந்தால் சிறிய செயின்ட் பெர்னார்ட் நாய்த்தலை முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் பேத்தி நகையாக மட்டும் அதைக் கேட்கிறாரா என்பதையும் நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும், ஆச்சி. கல் பதிக்கும் கலையில் தோட்டுக்கும் கடிகாரத்துக்கும் வேறு வேறு சிறப்புகள் உண்டு. தோட்டில் ஒவ்வொரு கல்லும் தனித்து நின்று பேச வேண்டும். கல்லைத் தாங்கும் தங்கக் கட்டடம் அதற்குத் துணையாக இருந்தால் போதும். கடிகாரத்தில் உலோகமே தெரியாத அளவுக்குக் கற்களை நெருக்கிப் பதிக்கிறார்கள். ஜெகர்-லெகூல்த்ர் நிறுவனம் வெவ்வேறு அளவுள்ள கற்களை இடைவெளி விடாமல் பரப்பும் ‘பனிப் பதிப்பு’ முறையில், அடுத்த இடத்துக்கு எந்தக் கல் பொருந்தும் என்பதைப் பதிப்பவர் அந்தக் கணத்தில் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார். படேக் ஃபிலிப் நிறுவனத்தின் 4968 என்ற எண்ணுள்ள பெண்கள் கடிகாரத்தில், வைரங்கள் அளவில் படிப்படியாகச் சிறுத்து முகப்பைச் சுற்றிச் சுழலாகச் செல்கின்றன; உள்ளே சாவி கொடுத்து இயக்கும் பொறியும் பிறையும் இருக்கின்றன. இந்த வேலைப்பாட்டுக்கும் பொறிக்கும்தான் விலை, கல்லுக்கு அன்று. இதை அறிந்து வாங்கினால் பேத்தி ஏமாற மாட்டார். விற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி அவருடைய மனத்தில் முதலில் எழுமானால், தோட்டுக்கே போகட்டும்.

கேள்வி: இணையத்தில் 3,000 ரூபாய்க்குக் கல் பதித்த, சூரியனும் நிலவும் உள்ள கடிகாரம் கிடைக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?
*வாசகி, காரைக்குடி*

பதில்: கல் வைரமாக இருக்காது என்பது விலையிலேயே தெரிகிறது. சூரியனும் நிலவும் மாறி மாறி வந்தால் அது பகலையும் இரவையும் காட்டும் 24 மணித் தகடு, பிறையைக் காட்டுவதன்று. முள்ளைத் திருப்பிப் பாருங்கள். 12 மணி நேரம் நகர்த்தும்போது நிலவு போய்ச் சூரியன் வந்தால் அது பகல்-இரவுக் காட்டி. ஒரு முழு நாள் நகர்த்தியும் நிலவு ஒரு சிறு அடி மட்டுமே நகர்ந்தால் அது உண்மையான பிறைகாட்டி. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களிலும் உண்மையான பிறைகாட்டிகள் உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் அதே 59 பல் தகடுதான் இருக்கிறது. நிலவைக் காண்பதே உங்கள் விருப்பம் என்றால், அத்தகைய ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனில் கடை வைத்திருந்தபோது ஆயாவுக்கு (பாட்டிக்கு) வாங்கிக் கொடுத்த சிறிய தங்கக் கைக்கடிகாரம் இரும்புப் பெட்டியில் இருந்து கிடைத்தது. சுற்றிலும் வைரம்; நிலவு இல்லை. முகப்பில் ‘17 ஜூவல்ஸ்’ என்று உள்ளது. உள்ளே 17 பர்மா கெம்புகள் இருப்பதாக வீட்டில் பேச்சு. பிரித்துப் பார்க்கலாமா? நிலவுக் காட்சியைச் சேர்க்க முடியுமா?
*வாசகர், பள்ளத்தூர்*

பதில்: நீங்களாகப் பிரிக்க வேண்டாம். உள்ளே சிவப்பாக 17 கற்கள் இருப்பது உண்மை. அவை அழகுக்காக வைத்தவை அல்ல. பெரும்பாலும் சக்கரங்களின் அச்சுமுனைகள் உராய்ந்து தேயாமல் சுழல்வதற்கான தாங்கிகள். துளையிட்ட மாணிக்கத்தை இப்படிப் பயன்படுத்தும் முறைக்கு 1704-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர்களுள் நிக்கோலா ஃபாத்தியோ என்னும் கணிதரும் ஒருவர். 1902-இல் பிரான்சின் ஒகூஸ்த் வெர்னூய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பின், கடிகாரத் தொழில் முழுவதும் அந்தக் கற்களுக்கே மாறிவிட்டது. உங்கள் ஐயா ரங்கூனில் வாங்கிய காலத்தில் அவை பர்மாவின் மோகோக் சுரங்கத்தில் எடுத்த கெம்புகளாக இருக்க வழியில்லை. ஒரு கல்லின் விலை மிகச் சொற்பம்.

மதிப்பு வேறு இடத்தில் இருக்கலாம். கடிகாரப் பெட்டியின் பின்மூடிக்குள் ஒரு பெண்ணின் தலை பொறித்த நுண்ணிய முத்திரை இருந்தால், அது 1995 வரை சுவிட்சர்லாந்தில் 18 காரட் தங்கத்துக்கு இட்ட ஹெல்வேஷியா முத்திரை. அணில் இருந்தால் 14 காரட். அக்காலப் பெண்கள் கடிகாரங்களில் இயக்கப்பொறியை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதில் பெரும் போட்டி இருந்தது. ஜெகர்-லெகூல்த்ர் 1929-இல் செய்த 101 என்ற பொறியின் எடை ஏறத்தாழ ஒரு கிராம் மட்டுமே. 1953-இல் முடிசூடியபோது எலிசபெத் அரசியார் கட்டியிருந்த கடிகாரத்தில் இருந்ததும் அந்தப் பொறிதான். அவ்வளவு சிறிய பொறியில் பிறைத் தகடு வைக்க இடமில்லை. உங்களுடையதிலும் சேர்க்க முடியாது, சேர்க்க முயலவும் வேண்டாம். பல ஆண்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். இப்போது சாவி கொடுத்தால் அச்சுமுனைகள் தேய்ந்துவிடும். பழைய சாவிக் கடிகாரங்களில் பழகிய ஒருவரிடம் முதலில் பிரித்துத் துப்புரவு செய்யக் கொடுங்கள். வைரங்களைக் கழற்றி மூக்குத்தியோ மோதிரமோ செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அக்காலக் கடிகாரங்களில் 17 பட்டைகள் மட்டுமே வெட்டிய சிறு கற்களைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். இன்றைய 57 பட்டைக் கல்லின் பக்கத்தில் வைத்தால் அவை மங்கித் தெரியும். ஆயாவின் கடிகாரத்தில் இருக்கும் வரைதான் அவற்றுக்கு அழகு.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குச் சீரோடு இந்தக் கடிகாரத்தையும் வைக்க எண்ணியுள்ளோம். தேய்பிறையையும் அமாவாசையையும் காட்டும் பொருளைக் கல்யாணத்தில் கொடுக்கலாமா என்று அயித்தை தயங்குகிறார்.
*வாசகர், ஆத்தங்குடி (இப்போது சிங்கப்பூர்)*

பதில்: பெரியவர்களின் தயக்கத்தைப் புறந்தள்ள வேண்டாம்; அதைத் தீர்த்து வைப்பது எளிது. நம் கல்யாணங்கள் பெரும்பாலும் வளர்பிறை முகூர்த்தத்தில்தான் நடக்கின்றன. முதல் நாளே கடிகாரத்தைப் பஞ்சாங்கப்படி சரியாக வைத்துவிட்டால், சீர்த்தட்டில் இருக்கும்போது அது வளர்பிறையைத்தான் காட்டும். அயித்தையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, திதியை அவர் சொல்ல நீங்கள் திருப்பி வையுங்கள். அமாவாசை நாளில் சாளரத்தில் நிலவு இல்லாமல், விண்மீன் வரைந்த நீலப் பின்புலம் மட்டும் தெரியும். நாம் முன்னோரை நினைக்கும் நாளும் அதுதானே என்று சொன்னால் அவருக்கு மனம் ஒப்பும்.

கைக்கடிகாரம் என்ற எண்ணத்துக்கே பெண்ணோடு பழைய உறவு உண்டு. நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காகக் கடிகாரக் கலைஞர் ஆபிரகாம்-லூயி பிரெகே 1810-இல் ஒப்புக்கொண்டு 1812-இல் முடித்துக் கொடுத்ததே, ஏடுகளில் பதிவான முதல் கைக்கடிகாரம் என்று சொல்லப்படுகிறது. அதன் நினைவாக இன்று அவர் பெயரிலுள்ள நிறுவனம் செய்யும் முட்டை வடிவப் பெண்கள் கடிகாரங்களில் 8908 என்ற எண்ணுள்ளதன் முகப்பில் நிலவு வருகிறது. மகள் அலுவலகத்துக்கும் கட்டிச் செல்பவராக இருந்தால் விளிம்பில் மட்டும் வைரம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பட்டை முழுதும் கல் பதித்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு பெட்டகத்திலிருந்து எடுக்கவே வாய்ப்பு வராது.

கேள்வி: அண்மையில் வாங்கிவிட்டேன். எப்படிப் பேண வேண்டும்? நிலவை எப்படித் திருப்புவது?
*வாசகி, புதுவயல்*

பதில்: முதலில், வைர வளையல் போட்ட கையில் கட்டாதீர்கள். கடிகாரக் கண்ணாடி நீலக்கல்லின் அதே பொருளால் ஆனது. கடினத்தில் அது 9, வைரம் 10. வீட்டில் உள்ள வேறு எதுவும் எளிதில் கீறாத அந்தக் கண்ணாடியை உங்கள் வளையல் கீறிவிடும். விளிம்பிலுள்ள வைரமும் தன் பங்குக்குத் தங்க வளையலைச் சுரண்டும். மற்றக் கையில் கட்டுங்கள்.

வைரத்துக்கு எண்ணெய்ப் பசை ஒட்டும் இயல்பு உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கொழுப்புத் தடவிய மேசைமேல் மண்ணை நீரோடு ஓடவிட்டு, ஒட்டி நின்ற வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்த இயல்பை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடும், சந்தனம் பூசிய கையோடும் கடிகாரத்தைத் தொட்டால் கற்கள் விரைவில் மங்கும். ஈரம் பிழிந்த மென்துணியாலும் மிருதுவான தூரிகையாலும் துடைத்தால் போதும். 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் நீரில் முக்கக் கூடாது. அது கை கழுவும்போது தெறிக்கும் துளிகளைத் தாங்கும் அளவுதான். கல் ஏதேனும் ஆடினால் பத்தரிடம் கொண்டுபோய்ப் பற்றவைக்கவோ, நகை கழுவும் அதிர்வுத் தொட்டியில் போடவோ கூடாது. பொறியை வெளியே எடுத்த பிறகே கடிகாரப் பெட்டியில் கை வைக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைப்பையின் காந்தப் பூட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். சாவிக் கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் பெரும்பாலும் காந்தமேறியதே காரணம். கடிகாரக் கடையில் அதைச் சில விநாடிகளில் நீக்கிவிடுவார்கள்.

நிலவைத் திருப்ப, முதலில் முள்ளைக் காலை நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே பொறி தானே தகட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்; அப்போது நீங்களும் அழுத்தினால் பல் உடையும். கடிகாரம் காட்டுவது இரவா பகலா என்று ஐயமாக இருந்தால், தேதி மாறும் வரை முள்ளைத் திருப்பிப் பின் காலை 6 மணிக்குக் கொண்டுபோங்கள். கடிகாரப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிறு குழியை, உடன் கொடுத்த ஊசியால், அது இல்லையென்றால் பல்குத்தும் மரக்குச்சியால், மெல்ல அழுத்துங்கள். வேறு உலோக ஊசி எதையும் பயன்படுத்த வேண்டாம். சில கடிகாரங்களில் சாவியை ஒரு நிலை வெளியே இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். நிலவு சாளரத்தின் நட்டநடுவில் முழுதாக நிற்கும் வரை நகர்த்தி, பஞ்சாங்கத்தில் கடைசிப் பௌர்ணமி கழிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து, நாளுக்கு ஒன்றாக அத்தனை முறை அழுத்தினால் வேலை முடிந்தது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வலிந்து அழுத்தாமல் நிறுத்திவிட்டு, வாங்கிய கடையிலேயே காட்டுங்கள்.